லாபம், ரெண்டு, மூணு

செத்தவர்களைப் பற்றிக் கெடுதல் பேசக்கூடாது என்பார்கள். அவர் சாகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று கேள்வி. ஆகவே நான் தாராளமாகப் பேசலாம். பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவரைப் பெற்றவர்களுக்குத்தான் தலைகுனிவு. காளப்பநாயக்கன்பட்டியில் சொந்த நிலத்தை உழுது பிழைக்கிற நல்ல மனிதர்கள் அவர்கள். அவர் இவர் என்று மரியாதை கொடுத்து எழுதுகிறேனே என்று யாரும் ஏமாற வேண்டாம். எங்கள் பக்கத்தில் வேலியில் புகுந்த ஆட்டைக்கூடப் ‘போங்க சாமி’ என்றுதான் விரட்டுவார்கள். வாய் அப்படிப் பழகிவிட்டது.

கொல்லிமலைக்குச் செல்போன் கோபுரம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. செம்மேட்டில் உரக்கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, ஐந்து கம்ப்யூட்டர்களை இறக்கி, கீழ்நாட்டுக் கம்பெனி ஒன்று பயிற்சி ஆரம்பித்தது. போனுக்குள் ஓடுகிற சின்ன நிரல்களை எழுதக் கற்றுத் தருவார்களாம். இன்றைக்கு ஆப் என்று பால்குடிக்கிற பிள்ளை சொல்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது ‘போன் புரோகிராம்’. பட்டன் வைத்த போன், தீப்பெட்டி அகலத்துக்குத் திரை. அதில் ஓட வேண்டுமென்றால் ஜாவா என்கிற மொழியில் எழுத வேண்டும்.

ஆறு பேர் சேர்ந்தோம். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி, மலைமேல் குண்டூர் நாட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்த வந்த அவருக்கு இருபத்து நாலு. பயிற்சி முடிந்ததும் ஆறு பேரில் ஒருவரை மலைக்குப் பொறுப்பாளாக வேலைக்கு எடுப்போம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அந்த ஒருவர் யார் என்று எழுதிக் கொடுக்கப் போவது அவர்தான். அந்த வேலை எனக்கு வேண்டும். எப்பாடு பட்டாவது வேண்டும். கற்ற கணக்கெல்லாம் களைக்கொத்தோடு போய்விடுமோ என்கிற பயம் எனக்கு இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகிற அசிங்கத்தில் என் பங்கும் இருக்கிறது.

அவருக்கு ஒரு வியாதி. ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வரவே வராது.

முதல் நாளே அது தெரிந்துவிட்டது. எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவர், எழுந்து நின்று கேட்டார்.

“ஏனுங்க சார், ஜாவான்னா என்னங்க அர்த்தம்?”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார். “ஜாயின்ட் ஆட்டோமேட்டிக் வெர்ச்சுவல் அப்ளிகேஷன். நோட்டுல எழுதிக்குங்க” என்றார். ஆறு பேரும் எழுதிக்கொண்டோம். அடிக்கோடு வேறு போட்டோம். அது ஒரு காப்பியின் பெயர், எதற்கும் சுருக்கம் கிடையாது என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. ஜன்னலுக்குப் போய்த் திரும்புகிற எட்டு அடிக்குள் அந்த மனிதர் நான்கு வார்த்தைகளைப் பிரசவித்திருந்தார்.

அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்டதும் ஜன்னலுக்குப் போனால் பொய் வரப்போகிறது என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே பதில் சொன்னால் நேற்றுப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். மேசை இழுப்பறையில் பழுப்புத் தாள் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றைப் பூட்டி வைத்திருப்பார். ஒருமுறை சாவியை மறந்து கீழே டீ குடிக்கப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். எங்களுக்கு எதுவரை நடத்தியிருந்தாரோ அதற்கு அடுத்த ஆறாவது பக்கம்வரை பென்சில் கோடு இருந்தது. அதற்கு மேல் புத்தகம் புத்தம் புதிதாக, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எங்களைவிட ஆறு பக்கம் முன்னால் போகிறவர்தான் எங்கள் வாத்தியார். ஆறு பக்கம் முன்னால் போவது குற்றமில்லை. நானே அதற்குப் பிறகு அப்படிப் பிழைத்திருக்கிறேன். ஏழாவது பக்கத்தையும் கரைத்துக் குடித்தவர் போல நின்றாரே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஜாவாவில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒரு சள்ளை உண்டு. ஸ்ட்ரிங் என்று சொற்களுக்கான பெட்டியைக் குறிக்கும்போது எஸ் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இன்ட் என்று எண்களுக்கான பெட்டியைக் குறிக்கும்போது ஐ சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் பெரியவர் சின்னவர் கிடையாதே, எங்களுக்கு அது பிடிபடவில்லை. ஏன் அப்படி என்று சத்துணவு அக்கா கேட்டார். சார் ஜன்னலுக்குப் போய் வந்தார்.

“சொல்லுக்கு மரியாதை ஜாஸ்தி. நம்பருக்குக் கம்மி. அவ்வளவுதான்.”

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குடும்பத்தார் பெயர்களையும் வயதையும் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதச் சொன்னபோது, மாமனாருக்கான பெட்டிக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தார். தனக்கானதைச் சின்ன எழுத்தில் வைத்தார். கீழே ஓரிடத்தில் மறந்துபோய் மாமனாரையும் சின்ன எழுத்தில் அடித்துவிட்டார். திரையில் பிழை என்று வந்து நின்றது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பாத்தீங்களா சார், மரியாத கொறஞ்சா மெசினே ஒத்துக்க மாட்டேங்குதுங்க.”

“ஆமா. அதான் சொன்னேன்ல” என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல்.

நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனால் எதிரில் சிரிக்கவில்லை. அதுதான் எங்கள் பக்கத்துக் கோளாறு. வகுப்பு முடிந்து ஒருநாள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். வழியில் சாமைக் காடு கதிர் பிடித்து நின்றது. அவர் காட்டுக்காரரிடம், “கேவுரு நல்லா வந்திருக்கு போல” என்றார். உழுகிற குடும்பத்தில் பிறந்தவர். சாமையைக் கேழ்வரகு என்கிறார். காட்டுக்காரப் பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமாங்க சாமி” என்றார். வெளியூர்க்காரனை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழாது. ஆமாங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த மனிதரின் வியாதிக்கு மலை முழுக்க நாங்கள் ஊட்டிய தீனி அந்த ஆமாங்கதான்.

இன்னொரு நாள், ஞாயிற்றுக்கிழமை, புளியஞ்சோலைக்குக் காட்டு வழியாக இறங்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். வழி தெரியுமுங்களா என்று டீக்கடையில் கேட்டதற்குத் ‘தெரியும்’ என்றாராம். வேறென்ன சொல்வார். சாயங்காலம் தேன் எடுக்கப் போனவர்கள் அவரை வேறு ஏதோ சரிவில், பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது பார்த்து மேலே கூட்டி வந்தார்கள். மறுநாள் எங்களிடம், “அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்குதான்னு செக் பண்ணப் போயிருந்தேன்” என்றார். கால் முழுக்க முள் கிழித்த கோடு.

அவர்மேல் ஒரே ஒருமுறை எனக்கு இரக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டிருந்தார். மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார் இவர். நான் கீழிருந்து ஏறி வந்தேன். “தெரியுமுங்க சார். அதுவும் தெரியுமுங்க. படிச்சிட்டேனுங்க. தெரியுமுங்க சார்.” சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மலைக் குளிரில் அப்படி வேர்த்த ஆளை நான் பார்த்ததில்லை. தெரியாது என்று சொன்னால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவான் என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும். பாவம் என்று நினைத்தேன். அந்தப் பாவத்தை நான் அன்றே திரும்ப எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வரிசை என்கிற பாடம். ஜாவாவில் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கலாம், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். முதல் பெட்டிக்கு எண் பூஜ்யம். அடுத்ததற்கு ஒன்று. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவரே ஒருகணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்குப் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது என்று யாரோ கேட்டார்கள். ஜன்னல்.

“பூஜ்யம்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அது சும்மா இடத்துக்கு இருக்குது, கண்டுக்காதீங்க. நாம ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்.”

எனக்கு அது உதைத்தது. புத்தகத்தில் வேறு மாதிரிப் படித்திருந்தேன், இழுப்பறையைத் திறந்த அன்று. அதைச் சொல்ல முடியாது. அதனால் எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொன்னேன்.

“சார், அது நாம தானியம் அளக்கறாப்பலீங்க. மொத வள்ளத்த ஒண்ணுன்னு சொல்ல மாட்டோமில்லீங்களா? லாபம், ரெண்டு, மூணுன்னுதானுங்க அளப்போம். மொதலுக்குப் பேருதான் வேற. அதுக்குள்ளயும் சாமை இருக்குதில்லீங்களா?”

வள்ளம் என்பது நாங்கள் தானியம் அளக்கிற படி. முதல் படியைப் போடும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று மங்கலமாகச் சொல்வது மலையிலும் உண்டு, கீழ்நாட்டிலும் உண்டு. அவர் வீட்டுக் களத்திலும் அப்படித்தான் அளந்திருப்பார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

“இது களத்துமேடு இல்ல. லாபமும் கெடையாது நட்டமும் கெடையாது. ஒண்ணுன்னு சொல்லிப் பழகு.”

மற்றவர்கள் சிரித்தார்கள். “ஆமாங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டேன். அவரைவிட ஐந்து வயது மூத்தவள் நான்.

பயிற்சியின் கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு நிஜமான போன் புரோகிராம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. மலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸம்மாவுக்கு உதவியாக, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பட்டியல். ஒன்பது ஊர்கள். ஊர்ப் பெயரை அழுத்தினால் அந்த ஊரில் ஊசிக்கு உரிய பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக வரும். ஊருக்குள் நுழைகிற முதல் வீட்டிலிருந்து வரிசையாகப் பெயர்களை ஏற்றினோம். கைப்பட எழுதிய பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மா மலையேறி இறங்க வேண்டியதில்லை. போன் போதும். போனில் வருகிற பெயருக்கு மட்டும் ஊசி என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பட்டியலைக் காட்டுகிற பகுதியை சார் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அவர் விசைப்பலகையைத் தொடமாட்டார். முதுகுக்குப் பின்னால் நின்று ‘அடி’ என்பார். ஒன்றில் ஆரம்பி, மொத்தம் எத்தனையோ அதுவரை போ, அதையும் சேர்த்துக்கொள். அடித்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு போனின் படம் வரும், அதில் ஓட்டிப் பார்ப்போம். ஓட்டினேன். பெயர்கள் வந்தன, கடைசியில் பொத்தென்று நின்று பிழை காட்டியது. கடைசிப் பெட்டியைத் தாண்டி இல்லாத பெட்டியைத் தேடியிருந்தது.

அவர் ஜன்னலுக்குப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

“தெரியுது தெரியுது. அந்தச் சமக்குறிய எடு.”

எடுத்தேன். கடைசிவரை போ, கடைசியைச் சேர்க்காதே என்று ஆகிவிட்டது. ஓட்டினேன். நிற்கவில்லை, பிழையும் இல்லை. அவர் இரண்டு கையையும் தட்டித் துடைத்துக்கொண்டார். பின்பக்கம் விழுந்த ஓட்டையை அடைத்துவிட்டார். முன்பக்கம் பூஜ்யமாவது பெட்டியில் இருந்த பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து நர்ஸம்மா படியேறி வந்தார். கள்ளம் தெரியாத சின்னப் பெண். “அக்கா, ஒரு ஊர அழுத்துனா மேல பதினாலுன்னு காட்டுதுங்க. எண்ணிப் பாத்தா பதிமூணு பேருதான் வாராங்க” என்றார். சாரிடம் கேட்டேன். ஜன்னல்.

“மேல ஊர் பேரு வருதில்ல, அந்த வரியையும் சேத்து எண்ணிக்கும். பதிமூணும் ஒண்ணும் பதினாலு.”

அதை நான் அப்படியே நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே போனதும் நானே ஒரு பொய்ப் பட்டியல் செய்து ஓட்டினேன். அண்ணன், அக்கா, தம்பி என்று மூன்று பெயர். அக்கா வந்தாள், தம்பி வந்தான். அண்ணன் வரவில்லை. லாபத்தைக் காணோம். சார் வந்ததும் காட்டினேன்.

“சார், மொதப் பேரு வரலீங்க. எல்லா ஊர்லயும் மொத ஊட்டுப் பிள்ள உட்டுப் போகுதுங்க. ஒண்ண எடுத்துட்டுப் பூஜ்யம் போட்டாச் சரியாயிருமுங்க.”

அவர் திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. கண் அப்படியே நிலைகுத்தி நின்றது. அன்றைக்கு ஜன்னலுக்குப் போகவில்லை.

“இந்தப் புரோகிராமை மேனேஜருக்கு அனுப்பியாச்சு. ஓக்கே ஆயிருச்சு. இப்பப் போய்த் தப்புன்னு சொல்லச் சொல்றியா?” குரலைத் தாழ்த்தினார். “நாளன்னைக்குத்தான் பொறுப்பாள் பேரை எழுதி அனுப்பணும். உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“உங்களுக்குத்தானுங்க சார்” என்றேன்.

மூன்றாம் நாள் என் பெயர் போனது. வேலை கிடைத்தது. வேலை கைக்கு வந்ததும் நானே சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மூல நிரல் கீழ்நாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அவரைக் கேட்காமல் மாற்ற முடியாது என்றார்கள். கேட்டால் அவர் ‘பார்த்துக்கலாம்’ என்றார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. நர்ஸம்மாவிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதே பொய் என்று எப்படிச் சொல்வது என்று கூசிக்கொண்டு கிடந்தேன். இப்படி எழுதும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

நான் பிறந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் முதல் வீடு என் அண்ணன் வீடு.

அண்ணனின் பெண்குழந்தை பொன்னிக்கு ஒன்பது மாதம் முடிந்து மணல்வாரி என்கிற தட்டம்மைக்கான ஊசி போட வேண்டிய சமயம் அது. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடுகிற இடத்துக்குப் போயிருக்கிறார். நர்ஸம்மா போனைப் பார்த்துவிட்டு, “உங்க பாப்பா பேரு இன்னும் வரலீங்க. அடுத்த மாசம் வரும் போல” என்றிருக்கிறார். அண்ணி “ஆமாங்க” என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதமும் அதேதான். இரண்டு முறையும் எனக்குச் சேதி வரவில்லை. அண்ணன் ஊரில் அப்போது சிக்னல் கிடையாது. பிள்ளை வரிசையில் முதல் ஆள் என்பது எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்டால், மறக்கவில்லை. ‘அண்ணி கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க’ என்று மனசைச் சமாதானம் செய்துவைத்திருந்தேன்.

பொன்னிக்கு மணல்வாரி வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. வேப்பிலை கட்டினார்கள், பிறகு பயந்துபோய் நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் வலது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது காது போய்விட்டது என்றார்கள். ஒன்பது ஊரிலும் ஊசி தவறிய ஒன்பது பிள்ளைகளில் அம்மை வந்தது இவளுக்கு மட்டும்தான். மற்ற எட்டுப் பேரை எந்தச் சாமி காப்பாற்றியதோ.

நாமக்கல்லிலிருந்தே நர்ஸம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு ஊரிலும் முதல் பெயரைப் பாருங்கள் என்றேன். அவர் அழுதார். அழுதுகொண்டே எட்டு ஊருக்கும் நடந்து போய் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டுவிட்டார். பிறகு மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

விசாரணைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு டாக்டர் அதிகாரி வந்தார். கம்பெனி மேனேஜரும் வந்தார். அதே உரக்கடை மாடி. அவர் அதே ஜன்னலோரம் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். நர்ஸம்மா ஒரு மூலையில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி நேராக ஜன்னலோரம் நின்றவரிடம் கேட்டார்.

“இதுல முதல் பேர் விடுபட்டுப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஆறு மாதமாக நான் காத்திருந்த சொல் அப்போது வந்தது.

“தெரியாதுங்க சார்.”

எவ்வளவு லேசாக வந்தது! கைக்குழந்தை ‘அம்மா’ என்பது போல. ஜாவாவுக்கு அர்த்தம் தெரியாது என்று சொல்லாத வாய், காட்டில் வழி தெரியாது என்று சொல்லாத வாய், தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்காகவே அந்தச் சொல்லை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த ஆளை ஜன்னல் வழியாகக் கீழே தள்ளவேண்டும் போலவும் வந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “உனக்குத் தெரியுமாம்மா?”

ஜன்னலோரத்திலிருந்து அவர் என்னைப் பார்த்தார். நீயும் சொல் என்கிற பார்வை. மேனேஜரும் தலையை மெல்ல அசைத்தார். இருவருக்கும் தெரியாது என்றால் அது மெஷினின் குற்றமாகிவிடும். என் வேலை என்னிடம் இருக்கும்.

“தெரியுமுங்க. நான் இவுருகிட்டச் சொன்னேனுங்க. உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமான்னு கேட்டாரு. உங்களுக்குத்தானுங்கன்னு சொல்லி, நான் வேலைய வாங்கிக்கிட்டேன்.”

அவர் மறுத்தார். சாட்சி யாருமில்லை. நான் தெரியும் என்று ஒப்புக்கொண்டதற்கு மட்டும் சாட்சி அறை முழுக்க இருந்தது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தப்பைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று அதிகாரி கேட்டதற்கு வாத்தியார், “ஒரு வாரம் ஆகுமுங்க” என்றார். நான் யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மேனேஜர் கொண்டுவந்திருந்த மூல நிரலைத் திறந்து, ஒன்றை அழித்துப் பூஜ்யம் அடித்தேன். ஒரே ஒரு எழுத்து. நர்ஸம்மாவின் போனை வாங்கி ஏற்றிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மாடிப்படியில் அவர் பின்னாலேயே இறங்கி வந்தார்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அதுகூடத் தெரியாதா உனக்கு?”

“தெரியாது” என்றேன். ‘ங்க’வும் போடவில்லை, ‘சார்’ என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் காறித் துப்புவதற்கு அதைவிடப் பெரிய வழி கிடையாது. அவருக்கு அது உறைத்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அம்மை வந்துபோன பிள்ளைக்கும் போட்டுவிட வேண்டும் என்று நர்ஸம்மா பொன்னியின் விடுபட்ட ஊசிக்காக வந்தார். வாசலில், எங்களுக்கு வலது பக்கமாக நின்றுகொண்டு போனைத் திறந்து எங்கள் ஊரை அழுத்தினார். பதினாலு என்று காட்டியது. முதல் பெயர் வந்தது.

“பொன்னி” என்று சத்தமாகப் படித்தார்.

பொன்னி என் மடியில் இருந்தாள். யாரோ தன்னைக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. இடது பக்கம் திரும்பி, ஆளில்லாத சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.